கணக்கே சகுனி!

பிரெஞ்சு தேசத்தின் தென்கிழக்குக் கடலோரத்தில் மொனாக்கோ என்றொரு சின்னஞ்சிறு ராஜ்யம் இருக்கிறது. அதன் விஸ்தீரணம் சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான்! அங்கே மாண்டி கார்லோ என்னும் பகுதியில் இரண்டு நாள் தங்கி, பிரசித்தி பெற்ற சூதாட்ட மாளிகையைப் பார்த்தேன். பளிங்குத் தளமும் பொன் முலாமும் சரவிளக்குகளுமாகச் சாக்ஷாத் இந்திர சபையேதான்!

உள்ளே 'ரூலெட்' என்னும் சக்கரம் சுழல்கிறது. அதில் பூஜ்யம் முதல் 36 வரை மொத்தம் 37 எண்கள். எல்லா எண்களின் மீதும் ஒவ்வொரு நாணயம் வைத்தீர்களானால், எந்த எண் விழுந்தாலும் உங்கள் கைக்குத் திரும்புவது 36 நாணயம்; மீதி ஒன்று மாளிகைக்கு. இங்கே சகுனிக்கு வேலையே இல்லை, கணக்கே சகுனி!

ராஜ்யத்தின் கஜானா வற்றிக் கிடந்த சமயத்தில், 1863-ல், பிரான்ஸுவா பிளாங்க் என்பவர் இந்தத் தொழிலை ஏற்று நடத்த வந்தார். லாபம் பெருகிற்று. 1869-ல் அரசர் மூன்றாம் சார்லஸ் தம் பிரஜைகளுக்கு நேர்முக வரிகளையே ரத்துச் செய்துவிட்டார்.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: அந்தப் பிரஜைகள் மட்டும் அங்கே சூதாடக் கூடாது என்பது இன்றைக்கும் சட்டம்! ஊரார் வீட்டுப் பணம் வேண்டும். ஊரார் வீட்டுத் துன்பம் மட்டும் வேண்டாம். ஒரு சரக்கின் யோக்கியதையை அறிய வேண்டுமா? விற்கிறவன் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறானா என்று பார்த்தால் போதும்.