அடுப்பேறாத உணவும் இரண்டு பெக் பிராந்தியும்

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சாப்பாட்டில் வந்து நிற்கும். கொஞ்ச நாளாக அதில் இயற்கை உணவும் சேர்ந்துகொண்டது. ஊறவைத்த அவல், முளைகட்டிய பயறு, தேங்காய்த் துருவல், பழம், வெள்ளரிக்காய். அடுப்பே பற்றவைப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கின்றன. அதில் தவறொன்றும் இல்லை. எங்கள் பக்கத்துச் சிவசைலத்தில் மூ. ராமகிருஷ்ணன் நல்வாழ்வு ஆசிரமம் வைத்துத் தேங்காயும் பழமுமே உணவு என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவரைப் பார்த்து மாறியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு.

நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. இப்படி அடுப்பைத் துறந்தவர்களில் சிலர் மாலைக் கூட்டங்களில் கிளாஸை மட்டும் துறக்காமல் இருக்கிறார்கள். கேட்டால் அதற்கு ஒரு தத்துவமும் சொல்கிறார்கள். அந்தத் தத்துவத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது.

தத்துவம் இதுதான்: "ஒயின் திராட்சையிலிருந்து வருகிறது, யாரும் அதைத் தீயில் வைப்பதில்லை. ஆகவே அதுவும் இயற்கை உணவுதான்." கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சூடு படாததெல்லாம் நல்லது என்று வைத்துக்கொண்டால் ஒயின் தேர்ந்துவிடும். கள் அதைவிட நன்றாகத் தேர்ந்துவிடும். பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டினால் போதும். சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கிற ஈஸ்டே வந்து சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். தீ வேண்டாம், இயந்திரம் வேண்டாம். நம் ஊரில் கிடைக்கக்கூடிய உண்மையான 'பச்சை' மது அது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால் தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. செங்கோட்டை தாண்டிப் போனால் கேரளத்தில் லைசென்ஸோடு விற்கிறார்கள்.

ஆனால் நம் ஆட்கள் கூட்டத்தில் குடிப்பது ஒயினும் இல்லை, கள்ளும் இல்லை. டாஸ்மாக்கில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான். அது எப்படி வருகிறது என்று பாருங்கள். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். மிஞ்சுகிற கரிய பாகுதான் மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து, மறுபடியும் சூடேற்றி வடித்து ஸ்பிரிட் எடுக்கிறார்கள். நம் நாட்டில் மலிவு விலைக்குக் கிடைக்கும் பிராந்தி, விஸ்கி பெரும்பாலும் இந்த ஸ்பிரிட்டில் வாசனையும் நிறமும் சேர்த்ததுதான். நிறத்துக்குச் சேர்க்கிற கேரமல்கூடச் சர்க்கரையைக் கருக்கி எடுப்பது. நம் சமையலறையில் இத்தனை தடவை அடுப்பேறிய பண்டம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! பீர் கதை இன்னும் சுவாரசியம். பார்லியை ஊறவைத்து முளைகட்டுவது வரை நம் இயற்கை உணவுக்காரர் சந்தோஷப்படலாம். அப்புறம் அதை அனலில் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, அந்தச் சாற்றைக் கொதிக்கவும் விடுகிறார்கள்.

சரி, இது விளையாட்டுப் பேச்சு. ஒயினே குடித்தாலும், கள்ளே குடித்தாலும் என் ஆட்சேபம் அப்படியேதான் இருக்கும். சூடு பட்டதா படவில்லையா என்பது அளவுகோலே அல்ல. மரவள்ளிக் கிழங்கை வேகவைக்காமல் தின்றால் ஆபத்து. அதன் நஞ்சைப் போக்குவது அடுப்புதான். உள்ளே போன ஆல்கஹாலும் திராட்சையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று கல்லீரல் விசாரிப்பதில்லை. எதிலிருந்து வந்தாலும் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக்கி, பிறகுதான் கழிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மது பானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. அந்த வகுப்பில் ஒயினுக்குத் தனிச் சலுகை கிடையாது.

இதையெல்லாம் இப்போது நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வட்டத்தில் ஓர் அண்ணாச்சி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் இயற்கை உணவுக்கு மாறினார். காலையில் பழம், மதியம் முளைப்பயறும் அவலும், இரவு வெள்ளரிக்காய், கொய்யா, ஒரு கை தேங்காய். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. முகமே தெளிந்துவிட்டது. மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். சோறும் இட்லியும் தின்ற காலத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்த கிளிமிபிரைடு அது. சாப்பாட்டை மாற்றியதை மருத்துவரிடம் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை குடிப்பதை எப்போதுமே சொன்னதில்லை.

ஒரு மாதக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, மகள் வீட்டில் இருந்தேன். அன்றைக்கு அண்ணாச்சி வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரைக் கொய்யாவும் நாலு வெள்ளரித் துண்டும் தின்றுவிட்டு, இரண்டு லார்ஜ் குடித்திருக்கிறார். மிக்சர், பக்கோடா எதையும் தொடவில்லை. அது எண்ணெயில் பொரித்ததாம். பத்தரை மணிக்கு இரண்டு பேர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டு, "மதினி, அண்ணாச்சிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி ஆயிட்டு, தூங்கட்டும், எழுப்பாதிய" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரவு இரண்டு மணிக்கு மதினி விழித்தபோது பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. கூப்பிட்டால் குழறுகிறார். கை நடுங்குகிறது. தன் அம்மாவுக்கு இப்படி ஆனதைப் பார்த்தவர் என்பதால் மதினி போதை என்று விட்டுவிடவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் 48. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்து, இன்னும் கொடுத்து, விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். விழுங்குகிற நினைவு இருந்ததால் வாயில் கொடுக்க முடிந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

நடந்தது என்ன என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. சாப்பாடு குறைந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து எடுத்துவிடும், அது போதாவிட்டால் புதிதாகத் தயாரித்தும் அனுப்பும். அதே கல்லீரலுக்கு ஆல்கஹாலைக் கழிக்கிற வேலை வந்துவிட்டால் இந்தத் தயாரிப்பு முடங்கிப்போகும். 60 மில்லி பிராந்தியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம்வரைதான் உடம்பு கழிக்கும். இரண்டு லார்ஜ் என்றால் நாலு முதல் ஆறு மணி நேரம். அந்த நேரம் முழுக்க மாத்திரை ஒரு பக்கம் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிறது. இயற்கை உணவுக்காரர் என்றால் கையிருப்பும் பெரும்பாலும் குறைவு. வயிற்றில் கொழுப்பும் புரதமுமாகக் கனத்த சாப்பாடு இருந்தால் மது மெதுவாக இறங்கும். பழமும் வெள்ளரியும் அப்படித் தடுப்பதில்லை. வயசானவர்களுக்கு உடம்பில் நீர்ச்சத்து குறைவு என்பதால், நாற்பது வயதில் ஏறிய அதே அளவு எழுபதில் இன்னும் அதிகமாக ஏறும்.

இதில் கொடுமை, சர்க்கரை இறங்கினால் வருகிற அடையாளங்களும் போதையின் அடையாளங்களும் கிட்டத்தட்ட ஒன்று. தள்ளாட்டம், குழறல், சம்பந்தமில்லாத பேச்சு. பக்கத்தில் இருப்பவன் சிரித்துக்கொண்டே போர்த்திவிட்டுப் போய்விடுவான். குடிக்காத ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். வேர்த்துக் கொட்டுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். மெஷின் இல்லாத வீடு இப்போது ஏது?

அண்ணாச்சியை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். "ஒரு ரவுண்டு கம்பெனி குடுங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆயிராது" என்று கிளாஸைக் கையில் திணிக்கிற நம் பழக்கம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கல்யாண வீட்டில் ஒருவர் பாயசம் வேண்டாம் என்றால் சர்க்கரையோ என்று விட்டுவிடுகிறோம். கிளாஸ் வேண்டாம் என்றால் மட்டும் நம்மை அவமானப்படுத்திவிட்டதாக நினைக்கிறோம். சாப்பாட்டு விஷயத்தில் ஏற்கனவே தனித்து நிற்கிற மனுஷன், கிளாஸையும் மறுத்தால் கூட்டத்தில் தனக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார். திராட்சைத் தத்துவமெல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டை என்றுதான் நான் நினைக்கிறேன். வாரம் ஏழு நாளும் வேலை பார்த்த காலத்து நட்பு இப்போது மாதம் ஒரு மாலையாகச் சுருங்கிவிட்டது. அதையும் இழக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

காந்தி 1929-இல் வேகவைக்காத உணவைச் சில மாதம் சோதித்துப் பார்த்தார். வயிறு கெட்டது. நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார், அதையும் யங் இந்தியாவில் எல்லாரும் படிக்கும்படி எழுதினார். அவர் மதுவிலக்குக்காரர், அவரை நாம் இதில் உதாரணம் காட்ட முடியாது என்பீர்கள். நான் சொல்வது அந்த வெளிப்படையைத்தான். இயற்கை உணவு சாப்பிடுகிறேன் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரை அளவை அவர் குறைப்பார். குடிக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு அதிகக் குடி வேறு ஒரு வகையில் கெடுதல். பாலும் சேர்க்காத உணவில் பி12 கிடைக்காது, மது பி1-ஐ உறிஞ்சவிடாது. இரண்டும் சேர்ந்தால் நரம்புதான் அடிவாங்கும். கால் எரிச்சலைச் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

முழுக்க விடுங்கள் என்பதுதான் என் விருப்பம். விட முடியாதவர்கள் பச்சை, வேகவைத்தது என்ற பேதத்தை அன்றைக்கு ஒருநாள் மறந்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒரு ஸ்மாலோடு நிறுத்திக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டுப் படுங்கள்.

கூட்டத்தில் இதை நான் பேசியபோது, மதுவுக்குப் பதில் சித்திரையில் பதநீர் வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒருவர். பனையோலைப் பட்டையில் மாங்காய்த் துண்டு போட்டுக் குடிக்கிற சுகத்தை நினைத்து எல்லாரும் தலையாட்டினார்கள். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறதே என்று அண்ணாச்சிதான் ஞாபகப்படுத்தினார். அவருக்கு இப்போது மாத்திரை பாதியாகிவிட்டது, மதியம் ஒரு கப் சோறும் உண்டு. அவருக்கு நுங்கு, மற்றவர்களுக்குப் பதநீர் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு பேர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.