பாம்பன் பாலமும் நம் பிள்ளைகளின் பணிச்சுமையும்

ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளியன்று எங்கள் சேரங்கோட்டு மாரியம்மன் சன்னதியில் தீபாராதனை நடந்துகொண்டிருந்தபோது, அருகில் நின்ற என் மகனின் சட்டைப் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்; முகம் மாறியது; கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமலே மழையில் இறங்கி வெளியே போய்விட்டான். பக்கத்தில் நின்ற பெரியவர், "அம்மனைவிடவா அந்த அழைப்புப் பெரிதாகிவிட்டது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தலைகுனிவாகத்தான் இருந்தது. வீடு திரும்பியதும் கண்டிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். திரும்பியபோது அவன் நனைந்த வேட்டியுடன் திண்ணையில் அமர்ந்து, இன்னமும் பேசிக்கொண்டிருந்தான். கை நடுங்குவதைக் கண்டேன். கண்டிக்க வாய் வரவில்லை.

அவன் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளர். 'புராஜெக்ட் மேனேஜர்' என்றால்தான் பலருக்கும் விளங்கும். இவ்வேட்டை வாசிக்கும் அன்பர்களில் பலருடைய மகனோ மகளோ மருமகளோ இப்பணியில் இருக்கக்கூடும். என்ன வேலை என்று யாரேனும் கேட்டால், 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நானும் நெடுநாள் அவ்வாறே சொல்லி வந்தேன்.

அதை விளங்கிக்கொள்ள நமக்குத் தெரிந்த காரியம் ஒன்றே போதும். கும்பாபிஷேகத் திருப்பணிக் குழுவில் பொறுப்பு வகித்தவர்கள் அந்நாள்களைச் சற்றே நினைவுகூர வேண்டுகிறேன். முகூர்த்தம் குறித்தாயிற்று, பத்திரிகை அச்சாயிற்று, இனி நாளை மாற்ற இயலாது. பாலாலயம் செய்தபின் பின்வாங்கவும் வழியில்லை. ஸ்தபதி சொன்ன தேதியில் வரவில்லை. வர்ணம் பூசுபவர் பாதியில் வேறு ஊருக்குப் போய்விட்டார். நன்கொடைக்கு வாக்களித்தவர் வீட்டில் ஒரு துக்கம். யாகசாலைக்குச் சமித்து, அன்னதானத்திற்கு அரிசி, அஷ்டபந்தன மருந்து இடிக்க ஆள் என்று கவலைகள் வரிசையாக நிற்கும். இவற்றில் எதனையும் குழுத்தலைவர் தம் கையால் செய்வதில்லை. ஆயினும் எது தவறினாலும் ஊர் கேட்பது அவரைத்தான். தம் ஆணைக்கு முழுவதும் கட்டுப்படாத பலரைக் கொண்டு, குறித்த நாளில், குறித்த செலவில் ஒரு காரியத்தை முடித்துக் கொடுப்பதே திட்ட மேலாளரின் பணி. நமக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது, அவர்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை வருகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. என் மகன் நாற்பதை நெருங்கும் வயதில் இரவில் கண்விழித்துப் பரீட்சைக்குப் படிக்கிறான். அமெரிக்காவில் 1969-இல் தோன்றிய திட்ட மேலாண்மைக் கழகம், 1984 முதல் 'பி.எம்.பி.' என்னும் சான்றிதழுக்குத் தேர்வு நடத்துகிறது. ஒருமுறை தேர்ச்சி பெற்றால் ஆயுளுக்கும் போதும் என்பதில்லை. மூன்றாண்டுக்குள் 60 அலகு அளவுக்கு மேலும் கற்றதாகக் கணக்குக் காட்டினால்தான் சான்றிதழ் நீடிக்கும். வங்கியில் நாங்கள் சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதியபோது தேர்ச்சி பெற்ற அன்றே புத்தகத்தைப் பரணில் போட்டோம். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஓர் உண்மையை என் அனுபவத்திலிருந்து சொல்வேன்: வேலையைக் கண்டு வரும் அச்சத்தில் பெரும்பகுதி, அவ்வேலை நமக்கு முழுமையாகத் தெரியவில்லை என்னும் அச்சமே. படிப்பு அதைக் குறைக்கும். ஆகையால், 'இந்த வயதில் என்ன பரீட்சை?' என்று நாம் கேட்காதிருப்பது நன்று.

இனி பாம்பனுக்கு வருகிறேன். இராமேஸ்வர யாத்திரை சென்ற எவரும் அப்பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். கடல்மேல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்திற்கு 1914-இல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்டோருடன் சென்ற பயணிகள் இரயிலைக் கடல் கொண்டது. பாலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட இரும்பு உத்திரங்களையும் பெயர்த்தெறிந்தது. கப்பல்களுக்காகத் தூக்கித் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. இராமநாதசுவாமி வீற்றிருக்கும் தீவுக்கு அந்நாளில் தரைவழி வேறில்லை. சாலைப் பாலம் வந்ததே 1988-இல்தான்.

பாலத்தைச் சீர்செய்ய இரயில்வே நிர்வாகம் ஆறு மாதம் என்று கணித்தது. தென்னக இரயில்வேயின் மேலிடம் அதை மூன்று மாதமாகச் சுருக்கியது. பொறுப்பு 32 வயதுப் பொறியாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாலக்காட்டு மாவட்டத்துக்காரரான இ. ஸ்ரீதரன் அவர், பிற்காலத்தில் கொங்கண் இரயில் பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்துக் கொடுத்தவர். புதிய உத்திரங்களை வடித்துக் கொண்டுவருவதென்றால் மாதக்கணக்காகும். அந்நிலையில், பழைய உத்திரங்கள் கடலடியில் கிடப்பதாக மீனவர்கள் வழியாகச் செய்தி கிடைத்தது. ஸ்ரீதரன் அச்செய்தியைத் தள்ளிவிடவில்லை. உடனே திட்டத்தை மாற்றினார். உத்திரங்களைக் கடலிலிருந்து தூக்கி மீண்டும் தூண்களின்மேல் பொருத்தினார்கள். மூன்று மாதக் கெடுவில் பாதிதான் செலவாயிற்று. 46 நாள்களில் பாலம் தயார். இரயில்வே அமைச்சரின் பரிசாக அவருக்குக் கிடைத்தது ஆயிரம் ரூபாய்.

46 என்னும் எண்ணை எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கோ மீனவர் சொல்லைக் கேட்ட அந்தக் காதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. நெருக்கடியில் இருக்கும் மனிதனுக்கு முதலில் அடைபடுவது காதுதான். நான் அடைபட்டவன், அதனால் தெரியும்.

இப்பாலத்திற்கும் எங்கள் ஊருக்கும் உறவுண்டு. அதே 1964-இல், அக்டோபர் 30 அன்று, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் பாடுபட்ட நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று அதில் முடிவாயிற்று. அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதுவே பின்னாளில் 'டான்டீ' என்னும் கழகமாயிற்று. சேரங்கோடு அதன் கோட்டங்களுள் ஒன்று. 1971-இல் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மண்டபம் முகாமுக்கு எங்களை ஏற்றிவந்த இரயில், ஸ்ரீதரன் தூக்கி நிறுத்திய அந்த உத்திரங்களின்மேல்தான் வந்தது. என் தாயார் ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கிய அன்று சுவாமி தரிசனம் செய்ய அவகாசம் கொடுக்கவில்லை. "ஒருநாள் கூட்டிக்கொண்டு வா தம்பி" என்று அன்று கேட்டார்.

வங்கி அதிகாரியான பிறகும் நான் கூட்டிச் செல்லவில்லை. 2006-இல் எங்கள் வட்டாரத்துக் கிளைகளைக் கணினி வலைப்பின்னலில் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பேரேடுகளில் இருந்த ஒவ்வொரு கணக்கின் மீதியும் ஒரு பைசா பிசகாமல் கணினிக்குள் போக வேண்டும். ஒரு கிளை ஏதோ ஒரு சனிக்கிழமை மாலை பழைய முறையில் மூடி, திங்கட்கிழமை காலை புதிய முறையில் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் ஓய்வூதியம் வாங்க வரிசையில் நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது? ஒரு கிளை முடிந்தால் அடுத்த கிளை. மேலிடத்திலிருந்து நாளுக்கு நான்குமுறை தொலைபேசி. இளம் எழுத்தர் ஒருவர், 'பழைய வட்டிக்கணக்கில் ஏதோ பிழை இருக்கிறது, ஐயா' என்று சொன்னபோது, 'உம் வேலையைப் பாரும்' என்று எரிந்து விழுந்தேன். பிழை இருந்தது. அதைக் கண்டு திருத்தப் பத்து நாள் ஆயிற்று.

இரவு பதினோரு மணிக்கு வீடு வந்தால், தாயார் உறங்காமல் காத்திருப்பார். "சாப்பிட்டாயா தம்பி?" என்பார். அந்தக் கேள்வி அந்நாள்களில் எனக்கு ஒரு தொல்லையாகவே பட்டது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போவேன். இராமேஸ்வரத்தைப் பற்றிக் கேட்டால், 'இந்த வேலை முடியட்டும்' என்பேன். 2007-ஆம் ஆண்டு ஐப்பசியில், கடைசிக் கிளை முடிய மூன்று வாரம் இருக்கையில், அவர் இறைவனடி சேர்ந்தார். மறு தை மாதம் மதுரையிலிருந்து இரயிலில் அஸ்தியை எடுத்துச் சென்றேன். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போயிற்று. மடியில் இருந்த கலயத்தைப் பிடித்துக்கொண்டு, கோபுரம் தெரியும் பக்கமாகவே அமர்ந்திருந்தேன்.

ஆகவேதான் திண்ணையில் நடுங்கிய அந்தக் கையைக் கண்டதும் என்னால் கண்டிக்க முடியவில்லை.

ஸ்ரீதரன் கீதையைத் தம் நிர்வாகத்திற்கு வழிகாட்டியாகக் கொண்டவர் என்பதை அவரே பலமுறை கூறியிருக்கிறார். பலனில் பற்றின்றிக் கடமை செய் என்னும் உபதேசத்தை நாமும் பிள்ளைகளுக்கு எளிதில் எடுத்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர் பலனைக் கணக்கிடாதவர் அல்லர். டில்லி மெட்ரோ அலுவலகங்களில், அடுத்த இலக்குக்கு இன்னும் எத்தனை நாள் என்று இறங்குமுகமாகக் காட்டும் கடிகாரங்களை மாட்டிவைத்தவர். கெடுவை மறைக்காமல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால், ஒருவர் தலைக்குள் மட்டும் அது சுழலாது. அவ்வாறு கெடுவைக் கண்முன் வைத்தவர், கோப்புகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் இல்லாதவர் என்றும் சொல்வார்கள்.

2009 ஜூலை 12 அன்று டில்லி ஜம்ருத்பூரில் கட்டுமானத்திலிருந்த மெட்ரோ பாலம் சரிந்து ஆறு பேர் மாண்டனர். அன்றே தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார் ஸ்ரீதரன். அப்போது அவருக்கு வயது 77. முதலமைச்சர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. மீண்டும் பணிக்கு வந்து, 2011 இறுதியில்தான் ஓய்வு பெற்றார்.

பழியை மேலிருப்பவர் தாங்கினால் கீழிருப்பவர் பிழைத்துக்கொள்வர். இராமேஸ்வரத்துப் பிள்ளையான அப்துல் கலாம் எஸ்.எல்.வி.-3 ஏவுகணைத் திட்டத்தின் இயக்குநராக இருந்தபோது, 1979 ஆகஸ்ட் 10-ஆம் நாள் அது கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் நின்று பொறுப்பை ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, பேசும்படி கலாமை முன்னே அனுப்பினார். இப்படி ஒரு மேலதிகாரி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காத பிள்ளைக்கு வீடாவது அந்த நிழலைத் தர வேண்டாமா என்பதே என் ஆதங்கம்.

நம்மால் ஆகக்கூடியவை சிலவே. மென்பொருளைப் புதிதாக வெளியிடும் நாள் எது என்று முன்னரே கேட்டுக்கொண்டு, அன்றிரவு அழைக்காதிருக்கலாம். 'பதவி உயர்வு எப்போது, அடுத்த வீட்டுப் பிள்ளை கனடா போய்விட்டானே' என்பவற்றை அறவே விடலாம். எங்கள் தோட்டங்களில் தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி ஓய்வு கொடுப்பார்கள். வெட்டிய வயலில் அப்போது கொழுந்து கிடைக்காது. யாரும் செடியைக் கோபிப்பதில்லை. பிள்ளை விடுப்பெடுத்து வந்து இரண்டு நாள் உறங்கினால் உறங்கட்டும். கோயிலுக்கு வரச்சொல்லி எழுப்ப வேண்டாம்.

ஆனால் உறக்கமே வராமல் வாரக்கணக்கில் விழித்திருந்தாலும், நெஞ்சு படபடத்தாலும், 'வாழ்வே வெறுத்துவிட்டது' என்று விளையாட்டாகச் சொன்னாலும், பரிகாரம் செய்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பணியால் வரும் இச்சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் தன் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. 14416 என்னும் எண்ணில் மத்திய அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். அர்ச்சனையும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துப் போவோம்.

அன்று இரவு மழை விட்டபின் மகனிடம் என் 2006-ஆம் ஆண்டுக் கதையை முதன்முறையாகச் சொன்னேன். எழுத்தரிடம் எரிந்து விழுந்ததையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவன், "எங்கள் குழுவிலும் ஒரு பெண் அப்படி ஒரு பிழையைச் சொன்னாள் அப்பா" என்றான். பிறகு எழுந்து போய் யாரையோ அழைத்தான். நீண்ட நேரம் பேசினான். இம்முறை குரல் உயரவில்லை.

ஐப்பசியில் தாயாரின் திதி வருகிறது. 2025 இராமநவமியன்று திறந்த புதிய பாலத்தின் வழியாக இராமேஸ்வரம் போய்வர மூவருக்கும் பயணச்சீட்டு எடுத்திருக்கிறான். மடிக்கணினியைக் கொண்டு வரலாமா என்று கேட்டான். கொண்டு வா, பாலம் வரும்போது மட்டும் மூடிவை என்றேன்.