தடித்த எழுத்தா, வீங்கிய எழுத்தா?



சில ஆண்டுகளுக்கு முன்பு, முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்சித் தாள் ஒன்று தயாரித்தேன். 'மணம்', 'மனம்' ஆகிய சொற்கள் பளிச்செனத் தெரிய வேண்டும் என்று, இலவசமாகக் கிடைத்த ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து தடிமனாக்கினேன். நகலெடுத்துக் கொடுத்தபோது ஒரு மாணவி, "டீச்சர், இது ரெண்டு சுழியா, மூனு சுழியா?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. சுழிகள் மையால் அடைபட்டிருந்தன. மகர மெய்யின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. முந்தைய வாரம் இதே போன்ற தாளில் அவளுக்குப் பிழை போட்டிருந்தேன். பிழை யாருடையது?

பிறகுதான் காரணம் விளங்கியது. முறையான எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக வரையப்பட்டிருக்கும். வரைபவர் எழுத்தை அகலமாக்கி, சுழியின் உள்வெளியைக் காப்பாற்றியிருப்பார். அவ்வடிவம் இல்லாதபோது, மென்பொருள் தானே ஒன்றைச் செய்துகொள்கிறது. எழுத்தின் ஓரங்களை ஒரே சீராகப் பருக்க வைக்கிறது; அல்லது அதே எழுத்தைச் சற்றுத் தள்ளி மீண்டும் பதிக்கிறது. இது தடித்த எழுத்தன்று, வீங்கிய எழுத்து. விண்டோஸ் 2000-உடன் வந்த லதா எழுத்துருவுக்கே, 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் தடித்த வடிவம் கிடைத்தது.

'இது சிறிய விஷயந்தானே' எனச் சிலர் கூறலாம். பெரியவர்கள் சொல்லை ஊகித்துப் படித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த ஊகம் ஏது? சுழியும் புள்ளியுமே அதற்கு எழுத்து.

ஆகவே, தடித்த வடிவம் உள்ள எழுத்துருக்களையே பயன்படுத்துவோம். விண்டோஸில் நிர்மலா, மெக்கிண்டாஷில் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்ச் சங்கம், இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் அது உண்டு. இல்லையேல், எழுத்தின் அளவைப் பெரிதாக்குவோம் அல்லது அடிக்கோடிடுவோம்.

நகலெடுக்கும் முன் ஒரு தாளை மட்டும் அச்சிட்டு, 'ண', 'ன' இரண்டையும் உற்றுப் பாருங்கள். நம் கண்ணுக்கே சுழி தெரியவில்லை என்றால், குழந்தையின் விடைக்குப் பிழை போட நமக்கு உரிமையில்லை.

சிந்திப்போம்.