வண்டிக்குள் ஓர் ஒலிபரப்பு நிலையம்

பருத்தித்துறை வீதியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கின்றது. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கின்றார்கள். ஊரின் பெயர் கேட்கின்றது. ‘காலமானார்’ என்பதும் கேட்கின்றது. காலமானவர் யார் என்பது மட்டும் படபடவென்ற இரைச்சலுள் மறைந்துவிடுகின்றது. வண்டியிலுள்ளோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். மறுநாள் பெட்டியைக் கழற்றித் திருத்துபவரிடம் கொடுக்கின்றோம். அவரோ மேசையில் வைத்துப் பாடவிட்டு, ‘பெட்டியில் பிழையில்லை’ என்று திருப்பித் தருகின்றார்.

அவர் சொல்வது உண்மையே. பிழை பெட்டியில் அன்று, வண்டியில் உளது.

1887 ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹேர்ட்ஸ் வானொலி அலைகளை உண்டாக்கியது மின்பொறியைக் கொண்டே. 1901 இல் மார்க்கோனி அத்திலாந்திக் கடலைக் கடந்து செய்தி அனுப்பியதும் மின்பொறியாலேயே. அதே பொறிதான் நமது பெற்றோல் எஞ்சினின் பிளக்கிலும் தெறிக்கின்றது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது நொடிக்கு 100 பொறிகள் பிறக்கின்றன. ஆகவே நாம் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தின் மேலமர்ந்து, தொலைவிலுள்ள மற்றொரு நிலையத்தைக் கேட்க முயல்கின்றோம். மத்திய அலையையே இது பெரிதும் வருத்தும். பண்பலைக்குத் தொல்லை குறைவு.

மருந்துக்கு முன் நோயை அறிதல் வேண்டும். முதலில் எஞ்சினை நிறுத்தி வானொலியைப் போடுக. அப்போதும் இரைச்சல் இருப்பின், அது பெரும்பாலும் மின்கம்பியிலிருந்தோ அயலிலிருந்தோ வருவது. வண்டியை அப்பால் நகர்த்திப் பார்க்க. எஞ்சின் ஓடும்போது ‘டிக் டிக்’ என்று வேகத்தோடு பெருகுமாயின் பிளக்கின் பொறியே காரணம். சீழ்க்கைபோல் ஏறியிறங்குமாயின் டைனமோ. குழியில் விழும்போது மட்டும் கரகரக்குமாயின் எங்கோ தொடுப்புத் தளர்ந்துள்ளது. இனி ஏரியல் வயரைக் கழற்றுக. இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியே நுழைந்தது. நில்லாவிடில் பெரும்பாலும் மின்சாரம் வரும் வயர் வழியே நுழைந்தது.

காசு செலவில்லாத வைத்தியத்தை முதலிற் செய்க. கடற்காற்று வீசும் நமது குடாநாட்டில் துரு எவ்விடத்தும் படியும். ஏரியலின் அடியைச் சுரண்டித் துப்புரவாக்கி, வண்டியின் உடலோடு இறுகப் பிணைக்க. பொனற்றையும் பின்னல் வயரால் உடலோடு இணைக்க. பல தொல்லைகள் இத்துடனேயே தீரும்.

பொறியின் இரைச்சலுக்குத் தடையே மருந்து. பழைய வண்டியாயின், கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் தடித்த வயரில் ஏறத்தாழ 10,000 ஓம் தடையொன்றைப் பொருத்தலாம். தடையுள்ள பிளக்குகளும் கடையில் உள.

டைனமோவின் இயல்பை நமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 களில் மின்சாரமற்றிருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட குடும்பங்கள் பல. அந்த மின் நேரே பெட்டிக்குட் புகுந்தால் உறுமலே மிஞ்சும். டையோடும் கொண்டென்சரும் இடையில் நின்றால்தான் குரல் தெளியும். வண்டிக்கும் அதுவே முறை. டைனமோவின் பெரிய முனைக்கும் உடலுக்கும் இடையே 1 மைக்ரோ பரட் கொண்டென்சரை இணைக்க. ‘எஃப்’ எனக் குறித்த சிறிய முனையில் இணைத்தல் ஆகாது, ரெகுலேற்றர் கெடும்.

மற்றுமோர் எச்சரிக்கை. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலப் பெட்டியை ஆராயாது பூட்டினால் அது கருகும். புதிய வண்டிகளிலோ தடைகள் முன்னரே உள. அவற்றின் மின்னணுப் பகுதிகளில் நாம் கைவைத்தல் தகாது.

நேற்றுவரை அமைதியாயிருந்த வண்டியில் இன்று திடீரென இரைச்சல் எழுமாயின், வானொலியை அணைத்துவிட்டு வாளாவிருத்தல் கூடாது. பிளக் வயர் வெடித்திருக்கலாம். டைனமோவின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். நடுவழியில், இரவில், குழந்தைகளோடு நிற்கவேண்டிய நிலை வருமுன் அவற்றைப் பார்த்துவிடுவோம். அறிவித்தலில் வரும் பெயரும் அப்போது தெளிவாய்க் கேட்கும்.