மூக்கா, எடையா?

மீனைப் போன்ற வழவழப்பான முகம் கொண்ட பழைய விரைவு இரயில்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த முகம் காற்றை எளிதாக விலக்கியதால்தான் அவை விரைந்தன என்று பலரும் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே என்பது என் கருத்து.

1934 மே 26 அன்று அமெரிக்காவின் பர்லிங்டன் செஃபிர் என்னும் இரயில், டென்வரிலிருந்து சிகாகோ வரை 1,633 கிலோமீட்டரை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 125 கி.மீ. வழக்கமான இரயில்களுக்கு ஏறக்குறைய 25 மணி நேரம் பிடித்த தொலைவு அது!

மக்கள் வியந்தது அதன் சாய்ந்த முகத்தைக் கண்டு. வியந்திருக்க வேண்டியது அதன் எடையைக் கண்டு. அக்காலத் தூக்கப் பெட்டி ஒன்றே சுமார் 70 டன். செஃபிரோ எஞ்சினும் மூன்று பெட்டிகளும் சேர்ந்தே 100 டன்னுக்குக் குறைவு!

இது எப்படி முடிந்தது? உடல் முழுவதும் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு. அதிக நேரம் சூடாக்கினால் அந்த எஃகின் துருவெதிர்க்கும் குணம் கெடும். ஆகவே பட் நிறுவனத்தார் மிகுந்த மின்சாரத்தைக் கண நேரம் மட்டும் செலுத்திப் பற்றவைத்தனர். அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே சக்கரத் தொகுதியைப் பகிர்ந்துகொண்டன. ஆறு தொகுதிகளுக்குப் பதில் நான்கே போதுமாயின.

வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எனவே வடிவமும் தேவைதான். அன்று மற்ற வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டதும் உண்மையே. நீருக்கும் கரிக்கும் நிற்காத டீசல் எஞ்சினுக்கும் பங்குண்டு. ஆனால் கிளம்பும்போதும் மேடேறும்போதும் எஞ்சின் இழுப்பது எடையை அன்றோ? வெறும் 600 குதிரைத்திறன் போதுமானதற்கு அதுவே காரணம்.

இங்கிலாந்தில் 1937இல் 'கரோனேஷன்' வகை நீராவி எஞ்சின்களுக்கு அழகிய மேலுறை மாட்டினார்கள். பழுதுபார்க்க அது இடைஞ்சலாக இருந்ததால் 1946 முதல் கழற்றிவிட்டார்கள். உறை போன பிறகும் அவை 1960கள் வரை விரைவு வண்டிகளை இழுத்தன.

செஃபிருக்கும் குறை உண்டு. பெட்டிகள் பிணைந்திருந்ததால், கூட்டம் பெருகியபோது ஒன்றைச் சேர்ப்பது எளிதாக இல்லை. பின்னர் வந்த இரயில்களில் பெட்டிகள் தனித்தனியாயின. ஆனால் மெல்லிய எஃகு நிலைத்தது.

இனி ஒரு புதிய வண்டியைக் கண்டால் அதன் முகத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். "இதன் எடை என்ன? அதில் எவ்வளவு குறைத்தார்கள்?" என்று கேளுங்கள். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.