பண்பாடு என்னும் பூச்சாண்டி

“இது நம் பண்பாடு, ஆதியிலிருந்தே இப்படித்தான்!” சென்ற வாரம் மன்னார்புரத்து டீக்கடைப் பெஞ்சிலே ஒரு பெரியவர் இப்படித் தீர்ப்புச் சொன்னார். பேச்சு சாதி மறுப்புத் திருமணத்தைப் பற்றியது. படித்தவர், பென்ஷன் வாங்குகிறவர். பக்கத்தில் நம் தோழர்கள் இருவர் இருந்தார்கள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஆதி என்றால் எந்த ஆதி ஐயா? கீழத் தஞ்சையைப் பாருங்கள். பண்ணையாள் மிராசுதார் முன்னால் துண்டைத் தோளில் போடக் கூடாது. வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர். பால் என்று பெயர் வைத்தவனின் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்! இதையும் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். அடித்தவன் சொன்னான். அடிபட்டவர்களிலும் பலர் தலைவிதி என்று நம்பினார்கள்.

1943-இல் தென்பரையில் விவசாய சங்கம் பிறந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத தோழர் பி. சீனிவாசராவ் சேரி சேரியாக நடந்தார், அங்கேயே உண்டார், அங்கேயே படுத்தார். 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம். சவுக்கடியும் சாணிப்பாலும் இனி இல்லை என்று மிராசுதார்கள் கையெழுத்துப் போட்டார்கள். ரத்தத்தில் ஊறிய வழக்கம் என்றார்களே, ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுந்ததும் ரத்தம் மாறிவிட்டதா? ரத்தம் மாறவில்லை. ஆள் இறங்காவிட்டால் விளைந்த நெல் வயலிலேயே உதிரும் என்பது மிராசுதாருக்குப் புரிந்தது, அவ்வளவுதான். ஆத்திரம் மட்டும் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்களை எரித்தார்கள்.

மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், நிலமும் கருவியும் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே சட்டமும் சாத்திரமும் மானமும் மரியாதையும் எழும்புகின்றன. 1859-இலேயே மார்க்ஸ் இதை விளக்கிவிட்டார். பெண்ணை வேறு சாதியில் கொடுக்காதே என்பதன் அடியிலும் நிலம் இருக்கிறது. பெண் போனால் காணி போகும். தாழ்ந்தவன் சம்பந்தியானால் நாளைக்குப் பண்ணையில் யார் கைகட்டி நிற்பான்? இந்தப் பயத்துக்குத்தான் பண்பாடு என்று பட்டுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஆலை வந்ததும் சாதி தானே போயிருக்க வேண்டாமா என்று பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் அடிக்கடி நழுவுகிற கேள்வியும்கூட.

மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் பொன்மலை. 1946 ரயில்வே வேலைநிறுத்தத்தில், செப்டம்பர் 5 அன்று, சங்கத் திடலில் போலீஸ் சுட்டது. ஐந்து தோழர்கள் மாண்டனர். குண்டு சாதி கேட்டுப் பாயவில்லை. அதே திருச்சியில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் நின்றது. பிணங்களுக்கு என்ன நிலம், என்ன கூலி? ஆனாலும் சுவர்! 2010-இல் சில அமைப்பினர் போய் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள்.

காரணம் போன பிறகும் வழக்கம் நிற்கும். பிறந்த பிறகு அதற்குச் சொந்தக் கால் முளைத்துவிடுகிறது. தன்னைப் பெற்றதையே அது திருப்பித் தாங்குகிறது. எல்லாவற்றையும் பொருளாதாரம் ஒன்றே நேராகச் செய்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை என 1890-இல் எங்கெல்ஸ் ஒரு கடிதத்தில் எழுத வேண்டியிருந்தது. அவர் காலத்திலேயே குறுக்குவழி மார்க்சியர் இருந்திருக்கிறார்கள்!

நம்மிடமும் இருக்கிறார்கள். “புரட்சி வரட்டும் தோழரே, சாதி தானே போகும்” என்பார்கள். அதுவரை மகனுக்குச் சொந்தத்திலேயே பெண் பார்ப்பார்கள். 2024 ஜூனில் நெல்லையில் ஒரு காதல் ஜோடிக்குத் திருமணம் செய்து வைத்ததற்காகக் கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். சாதி வெறியருக்குப் புரிகிறது, இது வர்க்கப் போரின் முனை என்று. நமக்கல்லவா புரியவில்லை?

டீக்கடையில் வாய் மூடியிருந்த இருவரில் ஒருவருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அவள் யாரை விரும்புகிறாள் என்பது தெருவுக்கே தெரியும், தோழருக்கும் தெரியும். பையன் நல்ல உழைப்பாளி, சங்க உறுப்பினன். ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் தேதி தோழர் தவறாமல் சங்கத் திடலுக்குப் போய் மாலை வைக்கிறார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பையன் வீட்டுக்கு இன்னும் போகவில்லை.