மரக்கால் யார் கையில்?

களத்துமேட்டில் கூலி நெல் அளக்கும்போது மரக்கால் மிராசுதார் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் விவசாயத் தொழிலாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்றிருந்த காலம் அது. அதனால்தான் 1940களில் தஞ்சைத் தரணியில் செங்கொடியின் கீழ் திரண்ட தோழர்கள், கூலி உயர்வோடு முத்திரை மரக்காலையும் சேர்த்துக் கேட்டார்கள்.

இன்று வில்லியனூர், பாகூர் கிராமங்களில் வேறொரு மரக்கால் சுற்றிவருகிறது. தொண்டு நிறுவனங்கள் வருகின்றன. கோழிக்குஞ்சு, தையல் மிஷின், பயிற்சி வகுப்பு தருகின்றன. பின்னால் கணக்கெடுப்போர் வருகிறார்கள். "பயன் அடைந்தீர்களா?" என்று கேட்டு, கையெழுத்தும் போட்டோவும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் எழுதும் ரிப்போர்ட் ஊருக்குத் திரும்பி வருவதில்லை.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவு, பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இவ்வாறு செலவிடக் கடமைப்பட்ட கம்பெனிகள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களின் விளைவை வெளியாரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் விதி வந்தது. நல்லதுதான். ஆனால் அந்த ரிப்போர்ட்டை யார் முன் வைக்க வேண்டும்? கம்பெனியின் இயக்குநர் சபை முன்! கிராம சபையைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தை இல்லை. அளப்பவருக்குக் கூலி கொடுப்பதும் கம்பெனியே. மரக்கால் இன்னும் பழைய கையில்தான் இருக்கிறது.

அளக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாக அளந்தால் பொய் உடையும். சிறுகடன் கொடுத்தால் வறுமை ஓடிவிடும் என்று உலகமெங்கும் முரசு கொட்டினார்கள். ஐதராபாத்தில் 104 குடியிருப்புகளைத் தேர்ந்து, 52இல் மட்டும் முதலில் கடன் கொடுத்து, மற்ற 52உடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் பொருளாதார நிபுணர்கள். கடன் போன இடங்களில் குடும்பங்களின் மொத்த நுகர்வு குறிப்பிடும்படி உயரவில்லை. முரசின் சத்தம் அத்தோடு தணிந்தது.

நம் மண்ணிலேயே பாடம் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தது கீழூரில். அதே கீழூரிலும் சிவராந்தகத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991இல் உயிர்க்கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. 1998இல் வில்லியனூரை நடுவாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை அமைத்தது. தலித் மக்கள் உட்பட எல்லோரும் நுழையக்கூடிய இடம் தந்தால்தான் மையம் என்று நிபந்தனையும் விதித்தது. எத்தனை கம்ப்யூட்டர் வந்தது என்பதைவிட, சேரிப் பெண் அந்த வாசற்படியைத் தாண்டினாளா என்பதே சரியான அளவு. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. வீடும் படகும் போயின; ஊர் மக்கள் பிழைத்தார்கள். இந்தப் பயனை மக்களே அறிவார்கள். வெளியார் வந்து சான்று தர வேண்டியதில்லை.

ஆலைத் தொழிலாளிக்கும் இது தெரியும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் 12 தோழர்கள் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்குப் பலியானார்கள். 1937இல் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. அதன் விளைவை அளந்தது யார்? வேலை முடிந்து வீடு திரும்பிப் பிள்ளைகளின் முகம் பார்த்த தொழிலாளியே அளந்தான்.

அப்படியானால் கிராமத்தில் மரக்காலை யாரிடம் கொடுப்பது? கிராம சபையிடம். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17வது பிரிவு, வேலைகளைத் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைக்கே வழங்கியது. ஆனால் புதுச்சேரியில் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக் காலம் முடிந்த பிறகும் ஆண்டுகள் பல தேர்தலின்றியே ஓடின. மக்களின் சபையை முடக்கிவிட்டு மக்கள் பெற்ற பயனை மதிப்பிடுவதாகச் சொல்வது கேலிக்கூத்து அல்லவா?

ஆகவே நாம் கோருகிறோம்: ஊரில் செலவாகும் ஒவ்வொரு தொண்டுப் பணத்தின் கணக்கும் தமிழில், பகிரங்கமாக, சேரியிலும் படிக்கப்பட வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்க விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு உரிமை வேண்டும். பயன் பெற்றவரை மட்டுமல்ல, விடுபட்டவரையும் விசாரிக்க வேண்டும். எத்தனை கூட்டம் போட்டார்கள் என்பதை எழுதுவது போதாது. கூலி உயர்ந்ததா, வேலை நாள் கூடியதா, வட்டிக் கடன் குறைந்ததா என்று எழுத வேண்டும்.

தோழர்களே! அடுத்த முறை கணக்கெடுக்க வருவோரிடம் நாமும் ஒரு கேள்வி கேட்போம்: "இந்த ரிப்போர்ட்டை எங்கள் ஊரில் எப்போது படிப்பீர்கள்?" பதில் தேதியோடு வரும்வரை விடக்கூடாது. லாபத்தை விளைவித்த கை நம்முடையது. அளக்கும் உரிமையும் நம்முடையதே.